மூன்றாவது வண்டியின் நல்ல வார்த்தை

வண்டியை எடுக்க வழியில்லை. முன்னால் இரண்டு வண்டி, பின்னால் மூன்று வண்டி, வலப்பக்கம் சர்ச் சுவர், இடப்பக்கம் கல்லறைத் தோட்டத்து இரும்பு வேலி. நடுவில் டார்லா ஹ்ருஸ்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு முக்கால் அடிதான் திறந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் வெளியே வரலாம். வந்து என்ன செய்வது, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டா போக முடியும்?

மணி மூன்றே கால். மடியில் கிடந்த கைபேசியில் மகன் ஈஸ்டன் அனுப்பிய செய்தியை அவள் ஏழாவது தடவையாகப் படித்தாள்.

"அம்மா, மைதானத்துக்குப் பின்னாடி துணி வெளுக்கிற கட்டடத்துக்கிட்ட நிக்கிறேன். வண்டியோட வா. நடந்து வராத, யாராவது பாத்துருவாங்க. வீட்டுக்குப் போயிரலாம்."

வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் சும்மா போய்வருவது இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஐந்து மணிக்கு அணி முழுவதும் ஒரே அறையில் கூட வேண்டும், அது பயிற்சியாளரின் விதி. வராதவனிடம் காரணம் கேட்க மாட்டார்கள். மறுநாள் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஈஸ்டனுக்குப் பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருடம். அது தெரிந்துதான் கூப்பிடுகிறான். அவளுக்கும் தெரியும். தெரிந்தும், போனால் போகட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் மேற்கே ஓட்டிப்போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் மனது அடித்துக்கொண்டது.

நடந்தது இதுதான். வில்லோ ஃபோர்க் கல்லூரி அணிக்குக் கொக்குகள் என்று பெயர். இந்த வருடம் கொக்குகளில் பாதிக்கு மேல் மீசை முளைக்காத முதல் வருடப் பிள்ளைகள். நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்று, ஐந்தாவதில் இன்று தலை நிமிரப் பார்த்தார்கள். இருபதுக்கு இருபத்தொன்று. நான்கு விநாடி பாக்கி. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மூன்று புள்ளி, வெற்றி. பெயரென்னவோ கால்பந்து, ஆனால் இந்த அமெரிக்க ஆட்டம் முழுக்கப் பந்து கையில்தான். காலுக்கு வேலை வருவது இந்த மாதிரி நேரத்தில்தான். ஒருவன் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். எட்டு கஜம் தள்ளி முழங்கால் போட்டிருப்பவன் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவான். இன்னொருவன் ஓடிவந்து உதைப்பான். எறிந்தவன் ஈஸ்டன். பந்து முழங்கால் போட்டவனின் தலைக்கு மேலே, நீட்டிய கைகளுக்கும் மேலே பறந்து போய், எங்கேயோ உருண்டது. ஆட்டம் முடிந்தது.

உண்மையில் அது அவனுடைய வேலையே இல்லை. பதினைந்து கஜம் தள்ளி நிற்பவனுக்கு எறிவதுதான் அவனுடைய வேலை. எட்டு கஜ வேலைக்கு நான்காம் வருடப் பையன் ஒருவன் இருந்தான். அவன் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வெளியே போனதால், இவன் தலையில் வந்து விடிந்தது. இந்த எறிகிற வேலைக்கு ஒரு சாபம் உண்டு. ஆயிரம் தடவை சரியாக எறிந்தாலும் நாய்கூடப் பெயர் கேட்காது. ஒரு தடவை தப்பினால் ஊர் முழுக்கத் தேடும். சர்ச் சந்தில் நின்ற மற்ற ஐந்து வண்டிக்காரர்களுக்கும் இப்போதைக்கு அவன் எண் மட்டும்தான் தெரியும். நாற்பத்தொன்பது.

காலையில் டார்லாவின் மேல்சட்டையில் மகன் படம் போட்டு ஊக்கில் குத்துகிற வட்டப் பட்டன் இருந்தது. பந்து தலைக்கு மேலே போன அந்த நிமிடமே, கை தன்னால் போய் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. பெற்றவளே கழற்றிவிட்டாள்.

பெற்றோர் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அவள் காலையில் வந்து சேர்ந்தபோது அது நிரம்பிவிட்டிருந்தது. வழியெல்லாம் சோளம் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்ததன் பலன். சர்ச் சந்தில் ஆறு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எல்லாம் வருடக்கணக்காக வருகிற ஆட்கள். மூன்றாவது இடத்துக்காரர் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டதால், வண்டிகளுக்கு இடம் காட்டும் ஆரஞ்சு அங்கிக்காரர் இவளை அந்த இடத்தில் செருகிவிட்டார். முதல் வண்டி நகர்ந்தால்தான் மற்றவை நகரும். முதல் வண்டி கேலன் ஆஸ்டர்ஹவுஸுடையது. அங்கேதான் சனி பிடித்தது.

கேலன் விதை வியாபாரம் பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். எழுபத்தாறு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு, கொக்கு படம் போட்ட தொப்பி. தோற்ற நாளில் அவர் வண்டி சும்மா கிளம்பாது. கையில் காப்பிக் குவளையோடு சந்தின் கடைசிக்குப் போய், அங்கிருந்து வண்டி வண்டியாக வருவார்.

"தோத்த நாள்ல ஒரு வண்டிக்கு ஒரு நல்ல வார்த்தை. நம்ம பிள்ளைங்களைப் பத்தி மட்டும். சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. அது வராம என் வண்டி நகராது. முப்பது வருஷச் சட்டம்" என்றார்.

ஆறாவது வண்டி, "பின்பாதியில பதினேழு புள்ளி எடுத்தானுக. எவனும் எதிர்பாத்திருக்க மாட்டான்" என்றது. ஐந்தாவது வண்டியில் இருந்த கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் சண்டை போட்டு, கடைசியில் முன்வரிசையில் நின்று மோதுகிற பருத்த பிள்ளைகள் ஐந்து பேரும் முதல் வருடம்தான் என்று சொன்னார்கள். "இன்னும் மூணு வருஷம் இதே பசங்கதான். வெண்ணெய் திரண்டு வர்ற நேரம் சார் இது!"

இன்னும் மூன்று வருடம். அவர்களுக்கு அது நம்பிக்கை. டார்லாவின் காதில் அது தண்டனைக் காலத்தைப் போல விழுந்தது.

நான்காவது வண்டி டுவைட் கிராட்ஸருடையது. பன்றி வளர்ப்பவர். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன ஆள். டார்லாவின் வண்டிக்கு நேர் பின்னால், ஜன்னலில் முழங்கையைப் போட்டுக்கொண்டு உரக்கப் பேசினார். ஒவ்வொரு சொல்லும் அவள் பிடரியில் வந்து விழுந்தது.

"நல்ல வார்த்தைதானே? அந்த நாப்பத்தொம்பதுக்குக் கையில நல்ல பலம். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தான்னா பந்து எங்க பண்ணையில வந்து விழுந்திருக்கும். எனக்கு டிக்கெட்டுச் செலவு மிச்சம்."

சந்து சிரித்தது. கேலன் சிரிக்கவில்லை.

"நையாண்டி செல்லாது. வேற."

"பெரியவரே, வீட்டுல பன்னிங்க பசியில கத்திக்கிட்டு இருக்கும்."

"கத்தட்டும். வேற சொல்லு."

டுவைட் மோவாயைச் சொறிந்தார். "ஓடுற பையன், ஏழாம் நம்பர். மூணு பேரு தொங்குறானுக, பந்தை விடல. போதுமா?"

"போதும்."

காப்பிக் குவளை டார்லாவின் ஜன்னலுக்கு வந்தது. "மூணாவது வண்டி. புதுசா வந்திருக்கீங்க. சட்டம் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எனக்கு அவசரமாப் போகணுங்க. ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க."

"எல்லாருக்கும்தான் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க. டுவைட்டுக்கு நானூறு பேரு."

அவள் யோசித்தாள். "புல்லு நல்லா வெட்டியிருந்தாங்க."

"புல்லு பிள்ளை இல்லையேம்மா."

"பாண்டு வாத்தியம் நல்லா..."

"அதுவும் செல்லாது." கேலன் அவள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "சரி, யோசிங்க. நாங்க முடிச்சுட்டு வர்றோம்."

இரண்டாவது வண்டிக்காரி ஜோஆன் பிரசவ வார்டில் நர்ஸ். அவள் நல்ல வார்த்தைக்கு முன்னால், தட்டில் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பையும், மேலே ஒரு இலவங்கப்பட்டை பன்னையும் வைத்து டார்லாவின் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"இந்தா, சாப்பிடும்மா. தோத்த வயிறு காலியா இருக்கக் கூடாது. முகமே சரியில்லையே உனக்கு."

"வேண்டாங்க."

"வேண்டாம்னு சொல்ற வயிறுதான் முதல்ல கேக்கும். வச்சுக்கோ." தட்டை அவள் கையில் திணித்துவிட்டுக் கேலன் பக்கம் திரும்பினாள். "என்னோடது இது. பந்து தலைக்கு மேல போச்சுல்ல, அந்த முழங்கால் போட்டவன் கோபத்துல திட்டுவான்னு பாத்தேன். திட்டல. ஓடிப்போய், தரையில முகத்தைப் பொத்திக்கிட்டுக் கிடந்த நாப்பத்தொம்பதைத் தூக்கி நிறுத்தினான். நான் என் கண்ணால பாத்தேன்."

டார்லா அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழம்புத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

கேலன் தன் பங்குக்கு, "நாலு வாரம் தோத்தும் ஒரு பய ஆட்டத்துக்கு வராம நிக்கல" என்றார். பிறகு எல்லோரும் திரும்பி மூன்றாவது வண்டியைப் பார்த்தார்கள்.

ஐந்து வார்த்தை வந்தாயிற்று. அவளுடையதுதான் பாக்கி. இனி இந்தச் சந்தை அடைத்துக்கொண்டு நிற்பது கேலனின் வண்டி அல்ல, அவள் வாய். மணி மூன்றே முக்கால். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தொலையலாம். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி, நன்றாக ஓடினான் என்றால் முடிந்தது. ஆனால் அவள் ஆட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவே இல்லை. ஒருவனை மட்டும் பார்ப்பதற்கென்றே வந்தவள் அவள்.

அவள் இடது சுண்டுவிரல் கோணலாக இருக்கும். ஈஸ்டனுக்குப் பதினாலு வயதில் உடைந்த விரல். நாலு வருடம், மாலை மாலையாக, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவன் குனிந்து எறிவான், இவள் நின்று பிடிப்பாள். கையில் பிடித்தது போக, தாடையிலும் பட்டிருக்கிறது, வயிற்றிலும் பட்டிருக்கிறது. தாழ வந்தவை முழந்தாளில் பட்டன. அவளுக்கு ஏற்கெனவே இடது முழங்கால் போன கேஸ். அறுவைச் சிகிச்சை செய்த பிறகு சர்ச் பூசையில் எல்லோரும் முழங்கால் போடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பாள். "பயமா இருந்தா மேல எறிடா, மேல வந்தா எம்பிப் புடிச்சுக்குவேன். கீழ வந்தா கால் போச்சு" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்!

டுவைட் ஹாரன் அடித்தார். "ஏம்மா, ஒரு வார்த்தைக்கா இவ்வளவு யோசனை? கல்யாணத்துக்கா சம்மதம் கேக்குறோம்?"

அவள் கைபேசியை எடுத்து, "சர்ச் சந்துல மாட்டிக்கிட்டேன். நகர முடியல" என்று அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. பத்து நிமிடம் போனது. ஜோஆன் நாற்காலியை மடித்தாள், மறுபடி விரித்தாள். ஐந்தாவது வண்டி மறுபடி சண்டையைத் தொடங்கியது. கேலன் வண்டியில் சாய்ந்தபடி, உலகத்தில் உள்ள பொழுதெல்லாம் தனக்கே சொந்தம் என்பதுபோல் காப்பி குடித்தார். டார்லாவுக்கு அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. நம்பிக்கை வைக்கிறார்களாம் நம்பிக்கை! தோற்றவன் எங்கே நிற்கிறான், என்ன பாடுபடுகிறான் என்று தெரியாமல் தூரத்தில் இருந்து வைக்கிற நம்பிக்கை யாருக்கு வேண்டும்?

சந்தின் முனையில் ஒருவன் வந்து நின்றான். அங்கியின் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். தோளில் சாம்பல் நிறப் பெரிய பை. வேலியோரமாக ஒடுங்கிக்கொண்டு மூன்றாவது வண்டியை நோக்கி வந்தான். பையின் பக்கவாட்டில் வெள்ளையாக எழுதியிருந்தது. நாற்பத்தொன்பது.

டுவைட்டின் முழங்கை மெதுவாக ஜன்னலுக்குள் போனது.

"அம்மா, ஏன் வரல?" ஈஸ்டன் ஜன்னலில் குனிந்தான். "வழியெல்லாம் ஆளுங்க. ஒருத்தன் என் பையைப் பாத்துட்டான்."

டார்லா மூச்சை இழுத்துப் பிடித்து, முக்கால் அடிக் கதவுக்குள் உடம்பை நுழைத்து வெளியே வந்தாள். மடியில் இருந்த தட்டு சரிந்து மேல்சட்டையில் குழம்பு கொட்டியது. மகனைத் தனக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள். வேலியும் வண்டியும் இரண்டு பக்கமும் நெருக்கின. எங்கே பார்த்தாலும் முகங்கள்.

"இவன் என் மகன்" என்றாள். "நல்ல வார்த்தைதானே உங்களுக்கு வேணும்? சொல்றேன். அந்தப் பந்து தப்பா வரல. சரியா வந்துச்சு. நாலு வருஷமா எங்க வந்துச்சோ அதே இடத்துக்கு, நான் கை தூக்கினா எட்டுற உயரத்துக்கு வந்துச்சு. நான் அங்க நின்னிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் புடிச்சிருப்பேன். எனக்கு முழங்கால் போட முடியாது. நின்னுக்கிட்டேதான் இவனுக்குப் புடிச்சேன். பயமா இருந்தா மேல எறின்னு சொல்லிக் குடுத்தவளும் நான்தான். அங்க முழங்கால் போட்டிருந்தவனுக்கு என் உசரம் எப்படி வரும்? தப்பு என்னோடது. சிரிக்கிறதா இருந்தா என்னைப் பாத்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மேப்பிள் மரத்தில் காற்று வீசியது.

ஈஸ்டன் தொப்பியைப் பின்னால் தள்ளினான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "என் கைதான் போச்சுன்னு நெனச்சேன்" என்றான். "உனக்குத்தான் எறிஞ்சேனா?"

"எனக்குத்தான்டா எறிஞ்ச."

கேலன் குவளையில் மிச்சமிருந்த காப்பியைக் கீழே ஊற்றினார். "செல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறிக் கிளப்பினார்.

வழி திறந்தது. கேலனின் வண்டி முன்னால் புல்வெளியில் போய் ஓரமாக நின்றது. ஜோஆனின் வண்டி அதன் பக்கத்தில் போய் நின்றது. டார்லா வண்டியைச் சந்தின் வாய்வரை ஓட்டினாள். இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, வீடு. வலது பக்கம் மைதானம், அணி கூடும் அறை. மணி நாலு பத்து. பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஈஸ்டன் உட்கார்ந்திருந்தான். பைமேல் அவன் வலது கை சும்மா இல்லை. இல்லாத பந்தின் தையலைத் தேடுவதுபோல் விரல்கள் விரிந்தும் மடங்கியும் பழகிக்கொண்டிருந்தன. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

டார்லா சாவியைத் திருகி அணைத்தாள்.

"என்னம்மா?"

"எறங்கு."

ஜோஆனின் நாற்காலிக்கு அடியில் ஒரு பந்து கிடந்தது. கேட்காமலேயே எடுத்தாள். மகன் கையில் கொடுத்தாள். காலடியால் எட்டு கஜம் அளந்து போய், திரும்பி, ஒரு கையால் தரையைத் தொட்டு, முதலில் நல்ல காலையும் பிறகு கெட்ட காலையும் மடித்து ஈரப் புல்லில் முழங்கால் போட்டாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. "அம்மாடி!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

"அம்மா, வேண்டாம்!"

"வலிக்குதுடா. பேசாம எறி."

அவன் குனிந்தான். பந்து அவள் தலைக்கு மேலே போய், வேலி தாண்டி, யாரோ ஒரு லூத்தரன் சபைப் பெரியவரின் கல்லறைமேல் விழுந்தது. மூன்றாவது வண்டி சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இப்போது பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் டுவைட்டும் மற்ற இரண்டு பேரும். டுவைட் வண்டியை விட்டு இறங்கினார். திட்டப் போகிறார் என்று டார்லா நினைத்தாள். அவர் வேலிக்கு மேலே காலைப் போட்டு ஏறிக் குதித்துப் பந்தை எடுத்து வந்து ஈஸ்டனிடம் கொடுத்தார். மறுபடி தன் வண்டிக்குப் போய், பன்றிப் பிரசவம் பார்க்கும்போது முழங்காலுக்குப் போட்டுக்கொள்கிற தடித்த ரப்பர் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நகருங்க" என்றார். ஜோஆன் டார்லாவின் தோளைப் பிடித்துத் தூக்க, பாயை அடியில் தள்ளினார். "கழுவினதுதான். நாத்தம் போகாது."

இரண்டாவது பந்து விரல் நுனியில் பட்டு மேலே போனது. மூன்றாவதும் உயரம்தான். "நான் இங்க இருக்கேன்டா" என்று டார்லா கத்தினாள். "கீழ பாரு. இங்க!"

நான்காவது பந்து சுழன்று வந்து, அவள் வயிற்றுக்கு நேரே இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அறைந்தது. கோணல் விரல் தீயாய் எரிந்தது. புல்வெளியில் யாரும் கை தட்டவில்லை. கேலன் மட்டும் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றான் ஈஸ்டன்.

அவன் இன்னும் இருபது எறிந்தான். மூன்று உயரமாகப் போயின, ஒன்று கீழே முட்டியது. மற்றதெல்லாம் அவள் கைக்கு வந்தன. மணி நாலு முப்பத்தைந்து ஆனபோது அவன் பந்தை ஜோஆனிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்குள்ளிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அம்மா எதிரில் வந்து நின்றான்.

"எந்திரிக்க முடியுமா?"

"முடியாது. நீ போ. அஞ்சு மணிக்கு நேரமாச்சு."

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு வலது பக்கம் திரும்பி ஓடினான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. பையின் வெள்ளை எண் தெருமுனைவரை தெரிந்தது.

டார்லா பாயில் முழங்காலோடு அப்படியே இருந்தாள். கால் மரத்துவிட்டது. அழுகை வந்தது, அழுதாள். கையைப் பைக்குள் விட்டுத் துழாவி, பட்டனை எடுத்துக் குழம்புக் கறைக்கு மேலே குத்திக்கொண்டாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் வண்டிக்குப் பின்னால் மூன்று வண்டிகள் அடைபட்டுக் கிடந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. உங்க எல்லாருக்கும் நேரமாச்சு" என்றாள்.

டுவைட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் பிடித்துக்கொள்வதற்காகத் தன் தடித்த கையை நீட்டினார்.

"மெதுவா எந்திரிங்கம்மா" என்றார். "பன்னிங்க காத்திருக்கும்."